ஒற்றைப் பின்னல்

வெள்ளிக்கிழமைகளில் தர்மபுரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கும் பெண்கள் யாரிடமும் வழி கேட்பதில்லை. வாய்க்காலோரமாகப் போகும் கிரவல் பாதையில் நடந்து, பாலை மரம் தெரியும் இடத்தில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வார்கள். அந்த மரத்தின் கீழேதான் சுடலைமுத்துவின் மாரியம்மன் இருக்கிறாள். பக்கத்தில் ஓலைப் பந்தல். பந்தலுக்குள் மஞ்சள் சேலையும் விரித்த கூந்தலுமாக உட்கார்ந்திருப்பவள் அவருடைய மகள் சுரேகா.

வருகிறவர்களில் அநேகர் கேட்பது ஒரே கேள்விதான்.

"என்ர பிள்ளை இருக்கிறானோ தாயே?"

சுரேகாவுக்கு இப்போது இருபது வயது தாண்டிவிட்டது. கூந்தல் சடைபிடித்து இடுப்புக்குக் கீழே இறங்கிக் கிடக்கிறது. அதைக் கண்டதும் கையெடுத்துக் கும்பிடுகிறவர்களிடம், இது ஒரு காலத்தில் இரட்டைப் பின்னலாக, வெள்ளை ரிபனோடு, சைக்கிள் மிதிக்கும்போது தோளில் துள்ளி விளையாடிய கூந்தல் என்று சொன்னால் நம்புவார்களா? அவளே சில வேளைகளில் நம்புவதில்லை.

எழுபத்தேழாம் ஆண்டு இனக்கலவரத்தில் சுடலைமுத்துவின் தகப்பன் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தை விட்டு இங்கே ஓடி வந்தபோது, பெண்சாதி பிள்ளைகளோடு கொண்டுவந்தது ஒரேயொரு பொருளைத்தான். தொழிலாளர் லயத்துக்குப் பின்னாலிருந்த மாரியம்மன் கோயிலின் சின்னச் சூலம் அது. காடு வெட்டிக் குடிசை போடுவதற்கு முன்பே அதைப் பாலை மரத்தடியில் நட்டார். அந்த அம்மன் சுடலைமுத்துவின் அத்தை மேல் வந்து வாக்குச் சொல்வாள். கடைசி யுத்தத்தில் அத்தை பங்கருக்குள்ளேயே செத்துப்போனாள். அதன் பிறகு எத்தனையோ ஆடிப் பொங்கல்கள் வந்துபோயின. உடுக்கை அடித்துக் கை வலித்ததுதான் மிச்சம். அம்மன் யார் மேலும் வரவில்லை. தங்கள் குடும்பத்தை அவள் கைவிட்டுவிட்டாள் என்று சுடலைமுத்து உள்ளுக்குள் உருகிக்கொண்டிருந்தார்.

சுரேகாவுக்கு அந்தக் கவலை ஒன்றும் இருக்கவில்லை. அவளுக்குப் பள்ளிக்கூடம் இருந்தது. வீட்டில் 'ஆமா' என்பாள். பள்ளிக்கூட வாசலைத் தாண்டியதும் அது 'ஓம்' ஆகிவிடும். 'தோட்டக்காட்டாள்' என்று முதுகுக்குப் பின்னால் சொன்ன பிள்ளைகளே பிறகு கணக்குச் செய்து தரச்சொல்லி அவள் மேசையைச் சுற்றி நின்றார்கள். கணித ஆசிரியை சிவனேஸ்வரி அவள் மேல் உயிரையே வைத்திருந்தார்.

"இந்தமுறை சாதாரணதரச் சோதினையில ஒன்பது பாடத்திலயும் ஏ எடுக்கிறதுக்கு இந்தப் பள்ளிக்கூடத்தில ஆள் இருக்கெண்டா அது நீதான் பிள்ளை," என்பார்.

அந்த வார்த்தையை வீட்டில் வந்து சொன்னதுதான் விபரீதமாயிற்று. தாய் அழகம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. மகள் நன்றாக எழுதவேண்டும் என்று அம்மனுக்கு நேர்ந்தாள். ஆடிப் பொங்கலன்று தண்ணீர்கூட நாவில் படாமல் விரதமிருந்து, மகளே பாற்செம்பு எடுத்துக் கோயிலைச் சுற்றவேண்டும் என்பது நேர்த்தி.

அன்று வெயில் நெருப்பாகக் கொட்டியது. பாற்செம்பைத் தலையில் வைத்துக்கொண்டு சுரேகா சுற்றினாள். உடுக்கொலி காதுக்குள் இடித்தது. புகை கண்ணைக் கரித்தது. கால் தள்ளாடியது, உடம்பு நடுங்கியது, செம்பு விழுந்து பால் மண்ணில் ஓடியது. அடுத்த கணம் அவளும் விழுந்தாள்.

"அம்மா வந்துட்டா! எம் புள்ள மேல அம்மா வந்துட்டா!" என்று சுடலைமுத்து அலறினார். அலறியபடியே அழுதார். குடங்குடமாக மஞ்சள் தண்ணீரை மகள் மேல் ஊற்றினார்.

கண் விழித்தபோது சுரேகாவின் இரண்டு கால்களையும் யாரோ இறுக்கிப் பிடித்திருந்தார்கள். பக்கத்து வீட்டுச் சுமித்திரா. அவளுடைய மகன் நிரஞ்சன் கள்ளமாகப் படகேறிப் போய் மாதக்கணக்கில் தகவல் இல்லை.

"என்ர நிரஞ்சன் உயிரோட இருக்கிறானோ? சொல்லு தாயே! சொல்லாமல் காலை விடமாட்டன்!"

சுற்றிலும் நூறு முகங்கள். எல்லாம் அவளையே பார்க்கின்றன. காலை விடுவித்தால் போதும் என்றிருந்தது பாவம் அந்தப் பிள்ளைக்கு.

"இருக்கிறான்," என்றாள்.

மறுநாள் காலை சுமித்திராவின் போன் அடித்தது. ஏதோ ஒரு நாட்டுக் கரையில் பிடிபட்டு முகாமில் இருந்த நிரஞ்சன், யாரிடமோ இரந்து வாங்கிய போனில் "அம்மா" என்றான்.

பிறகு என்ன! ஒரு கிழமைக்குள் விசுவமடு வரைக்கும், ஒரு மாதத்துக்குள் முள்ளியவளை வரைக்கும் கதை போய்விட்டது.

பொங்கலன்று மாலையே சுரேகா தகப்பனிடம் சொல்லிப் பார்த்திருந்தாள். "அப்பா, எம் மேல ஒன்னும் வரலப்பா. தண்ணி இல்லாம மயங்கிட்டேன். அவ்வளவுதான்."

சுடலைமுத்து சிரித்தார். எவ்வளவு கனிவான சிரிப்பு அது! "அத்தையும் மொதல்ல இதையேதாம்மா சொல்லுச்சு," என்றார்.

இல்லை என்று சொல்லச் சொல்ல, அதுவே அம்மன் வந்ததற்குச் சாட்சியாகிவிட்டது.

அம்மன் ஏறிய கூந்தலை முடியவோ பின்னவோ கூடாது. பள்ளிக்கூடத்திலோ இரட்டைப் பின்னல் இல்லாமல் வாசலுக்குள் விடமாட்டார்கள். அம்மன் ஏறியவள் வெளிச்சாப்பாடு தொடக் கூடாது. துடக்கு வீட்டுக்காரரோடு ஒட்டி இருக்கக் கூடாது. நாற்பது பிள்ளைகள் இருக்கிற வகுப்பில் யார் வீட்டில் செத்தவீடு, எந்தப் பிள்ளைக்கு மாதத் துடக்கு என்று யார் பார்ப்பது? அழகம்மா மகளின் வெள்ளைச் சட்டையைத் தோய்த்து, மடித்து, அலுமாரிக்குள் வைத்தாள். வைத்துவிட்டு அலுமாரிக் கதவில் நெற்றியை முட்டிக்கொண்டு சத்தம் வராமல் அழுதாள்.

சுடலைமுத்து கெட்ட மனிதர் அல்ல. மகளை வைத்து அவர் ஒரு சதம் வாங்கியதில்லை. வெற்றிலையும் கற்பூரமும் தேசிக்காயும்தான் காணிக்கை. அவருக்கு வேறொரு பசி இருந்தது. சின்ன வயதிலிருந்தே இந்த ஊரில் வளர்ந்து, எல்லோருடைய வயலிலும் கூலிக்கு இறங்கியவர் அவர். அவருடைய வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடிக்கப் பலர் கூசினார்கள். வேலிக்கு வெளியே நின்றபடி, "டேய் சுடலை, நாளைக்கு வரம்பு வெட்ட வா," என்று கூப்பிட்டுவிட்டுப் போனவர்கள் அவர்கள். இன்று அதே வீட்டுப் பெண்கள் அவர் வாசலில் செருப்பைக் கழற்றுகிறார்கள். தங்கள் பிள்ளைகளுக்கும் அவர் மகள் 'இருக்கிறான்' என்று சொல்லக் கேட்டு, அவள் கையால் தீர்த்தம் வாங்கி, ஒரு துளி சிந்தாமல் குடிக்கிறார்கள்.

"பாரு அழகம்மா," என்று அவர் மனைவியிடம் சொல்வார். "எங்கப்பா இதப் பாக்காமப் போயிட்டாரே!" கண் கலங்கிவிடும். அழகம்மா அலுமாரிப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள்.

கூட்டாளி தனுஷா ஒருநாள் சைக்கிளில் வந்தாள். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுப் பந்தலுக்குள் குனிந்து, கை இரண்டையும் தலைக்கு மேல் கூப்பினாள்.

"தாயே! கணக்குப் பேப்பரில என்ன வருமெண்டு ஒருக்காச் சொல்லு தாயே. சரிவந்தா உனக்கு நேர்சறிப் பிள்ளையளை வைச்சு காவடி எடுப்பிக்கிறன்."

"போடி விசரி!" என்று சுரேகா வாய்விட்டுச் சிரித்தாள். எத்தனை நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு! "உனக்கு மடக்கை ஒருநாளும் வராது. அது மட்டும் உறுதியான வாக்கு."

"அம்மன் எண்டாலும் நக்கல் குறையேல்லை பார்."

"ஏய், யாரது? சாமிகிட்ட என்ன வெளையாட்டு?" என்று குசினிப் பக்கமிருந்து சுடலைமுத்துவின் குரல் வந்தது. தனுஷா சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தாள். அதன் பிறகு அவள் வரவில்லை. அவள் தாய் வந்தாள். வந்து காலில் விழுந்து, காணாமற்போன தன் தம்பியைப் பற்றிக் கேட்டாள்.

பரீட்சை நெருங்கிய ஒரு பின்னேரம் சிவனேஸ்வரி ரீச்சர் வந்தார். அவர் செருப்பைக் கழற்றவில்லை. பந்தலுக்குள்ளும் போகவில்லை. முற்றத்தில் அழகம்மா கொண்டுவந்து போட்ட கதிரையிலும் உட்காரவில்லை.

"சுடலைமுத்து அண்ணை, பிள்ளைக்கு வந்தது பசி மயக்கம். எத்தினை பிள்ளையள் காலமை சாப்பிடாமல் வந்து பிரேயருக்க விழுறதை நான் கண்டிருப்பன்! அம்மனும் இல்லை, ஒண்டும் இல்லை."

"டீச்சர், நீங்க படிச்சவங்க. ஒங்ககூட நான் எதுத்துப் பேசல. ஆனா நிரஞ்சன் போன் எடுத்தானா இல்லியா?"

"அந்தப் பெடியன் எடுக்கத்தான் இருந்தவன், எடுத்தான். சரி, உங்கட வழியிலயே வாறன். நேர்த்தி எதுக்கு வைச்சனீங்கள்? சோதினைக்கு. அந்த நேர்த்தியை வாங்கிக்கொண்ட அம்மன் பிள்ளையைச் சோதினை எழுத விடமாட்டாவோ? அவ்வளவு வஞ்சகமானவவோ உங்கட அம்மன்?"

சுடலைமுத்து சூலத்தின் பக்கம் திரும்பிக் கும்பிட்டார். "பூக் கட்டிப் பாப்போம். அம்மா என்ன சொல்றாளோ அதுதான்," என்றார்.

ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்புப் பூ. சூலத்தின் முன்னால் போட்டு ஒன்றை எடுக்கவேண்டும். வெள்ளை வந்தால் அம்மன் சம்மதம். சிவப்பு வந்தால் மறுப்பு. பூக்களை வாழையிலையில் மடித்துக் கட்டியவள் அழகம்மா. சுடலைமுத்து கண்ணை மூடிக் கும்பிட்டு ஒன்றை எடுத்தார். விரித்தார். வெள்ளை.

பெற்ற தாய் சட்டென்று மற்றப் பொட்டலத்தை எடுத்து மடிக்குள் சொருகிக்கொண்டாள். அதற்குள்ளும் வெள்ளைப் பூதான் இருந்தது. அம்மனை ஏமாற்றத் துணிந்துவிட்டாள் அந்த அப்பாவி!

பரீட்சை நாட்களில் மட்டும் போகலாம் என்று சுடலைமுத்து இறங்கி வந்தார். ரீச்சரே வந்து கூட்டிக்கொண்டு போகவேண்டும். தலை பின்னுவதும் ரீச்சர்தான். அம்மன் கூந்தலைப் பின்னும் பாவத்தைப் பெற்றவர்கள் செய்யமுடியாது. திரும்பி வந்ததும் அவிழ்த்துவிட வேண்டும்.

முதல் நாள் சைவநெறிப் பாடம். விடிந்ததும் விடியாததுமாக ரீச்சர் ஓட்டோவில் வந்து இறங்கினார். சாரதி மதுசனை வெளியில் நிற்கச் சொல்லிவிட்டு, சீப்பும் புது ரிபனுமாக உள்ளே வந்தார். சுடலைமுத்து அந்தக் காட்சியைப் பார்க்க மனமில்லாமல் மண்வெட்டியோடு வாய்க்கால் பக்கம் போய்விட்டார். அழகம்மா குசினியில் மகளுக்குச் சோறு கட்டிக்கொண்டிருந்தாள்.

வெள்ளைச் சட்டையோடு சுரேகா பந்தலில் பலகை மேல் இருந்தாள். சட்டை கொஞ்சம் இறுக்கமாகியிருந்தது. அதுகூடச் சந்தோஷமாக இருந்தது. ரீச்சர் அவளுக்குப் பின்னால் இருந்து சிக்கெடுத்தார். நடுவகிடு எடுத்தார். வலப்பக்கத்தைப் பின்னி, மடித்து, ரிபன் கட்டினார்.

"நோகுதோ பிள்ளை?"

"இல்லை ரீச்சர்."

"ஆறுதலா, அவசரப்படாமல் எழுது. கேள்வியை ரண்டு தரம் வாசி."

"ஓம் ரீச்சர்."

இடப்பக்கத்து மயிரை ரீச்சர் கையில் எடுத்தார். மூன்றாகப் பிரித்தார். அந்தக் கை அப்படியே நின்றுவிட்டது.

"பிரதீபனுக்கும் நான்தான் தலை இழுத்து விடுறனான்," என்றார். "அவ்வளவு பெரிய பெடியன், தலை இழுக்கத் தெரியாது. சோதினைக்கெண்டு புதுச் சப்பாத்து வாங்கி வைச்சனான். ஷெல்லுக்கு இடம்பெயர்ந்து திரிஞ்சதில அவன் சோதினையே எழுதேல்லை."

பிரதீபன் அவருடைய ஒரே மகன். யுத்தத்தின் கடைசி நாளில், இராணுவப் பகுதிக்குப் போகும் பாலத்தைக் கடந்த பிறகு, விசாரித்துவிட்டு விடுவதாகச் சொல்லி இராணுவத்தினர் அவனை ஒரு பஸ்ஸில் ஏற்றினார்கள். யன்னலால் கையைக் காட்டிக்கொண்டு போனவன்தான். ரீச்சர் அதை வகுப்பில் ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் ஊருக்கே தெரியும்.

சுரேகா திரும்பிப் பார்க்கவில்லை. உச்சி வகிட்டில் சூடாக ஒரு துளி விழுந்தது.

"பிள்ளை..." ரீச்சரின் குரல் அவருடைய குரலாகவே இல்லை. "நான் இதை நம்புறேல்லை. உனக்குத் தெரியும். எண்டாலும்... எல்லாரும் கேக்கினம். நான் மட்டும் கேக்காமல் விட்டு, பிறகு... ஒருக்காச் சொல்லு. பிரதீபன் இருக்கிறானோ?"

உலகமே நின்றுவிட்டது போலிருந்தது சுரேகாவுக்கு. அது பசி மயக்கம் என்று சொன்ன ஒரே ஒருவர் இவர். அவளை அவளாகவே பார்த்த ஒரே ஒருவர். இவருமா?

'எனக்குத் தெரியாது ரீச்சர். எனக்கு எப்பவுமே ஒண்டும் தெரியாது.' வார்த்தை நுனிநாக்கு வரைக்கும் வந்துவிட்டது. சொன்னால் போதும். மற்றப் பக்கத்தையும் பின்னிக்கொண்டு ஓட்டோவில் ஏறிவிடலாம். ஆனால் அந்தத் 'தெரியாது' இந்தத் தாயின் காதில் எப்படி விழும்? இத்தனை பேருடைய பிள்ளைகளுக்கும் 'இருக்கிறான்' என்று சொன்ன வாய், என் பிள்ளைக்கு மட்டும் தெரியாது என்கிறதே என்றுதானே விழும்! பத்து வருடமாக அந்தத் தாய் பொத்திப் பொத்தி வைத்திருந்த விளக்கை ஊதி அணைத்தது போலாகிவிடாதா?

சரி, 'இருக்கிறான் ரீச்சர்' என்று சொல்லிவிட்டால்? வெள்ளைச் சட்டையும் பின்னலுமாக இருக்கும் ஒரு மாணவி சொன்னால் அது வெறும் இரக்கம். ரீச்சருக்கு அது தெரிந்துவிடும். அதைச் சொல்லவேண்டியவள் சுரேகா அல்ல.

வெளியில் மதுசன் ஹோர்ன் அடித்தான். "ரீச்சர், நேரம் போகுது!"

சுரேகா கையை உயர்த்தினாள். வலப்பக்கத்து ரிபனின் முடிச்சைப் பிடித்து இழுத்தாள். பின்னலுக்குள் விரல்களை விட்டு ஒவ்வொரு பிரியாக அவிழ்த்தாள். தலையை உலுப்பினாள். கூந்தல் வெள்ளைச் சட்டை மேல் விரிந்து விழுந்தது. பிறகுதான் திரும்பினாள். ரீச்சரின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்துக்கு அவள் இதுவரை 'ஓம்' என்று மட்டுமே பதில் சொல்லியிருக்கிறாள்.

"ஆமா," என்றாள். "இருக்கான்."

சிவனேஸ்வரி ரீச்சர் விழுந்தார். நெடுஞ்சாண்கிடையாக, சேலை குலைய, அந்தப் பாதங்களின் மேல் விழுந்து, "என்ர ராசா, என்ர ராசா" என்று கதறினார். சோற்றுப் பார்சலோடு ஓடிவந்த அழகம்மா மகளின் விரிந்த தலையைக் கண்டாள். பார்சல் கையிலிருந்து நழுவியது.

"டீச்சர்! ஐயோ, நேரமாகுதே! எழும்புங்க டீச்சர், பின்னிவிடுங்க. ஒங்கள நம்பித்தானே இருந்தோம்!"

ரீச்சர் எழுந்து உட்கார்ந்தார். கீழே கிடந்த ரிபனைப் பார்த்தார். அந்தக் கூந்தலைப் பார்த்தார். கை ஒருமுறை உயர்ந்தது. பிறகு தாழ்ந்தது.

"இந்தத் தலையை நான் இனி எப்பிடியம்மா தொடுவன்?" என்றார்.

ஓட்டோ ரீச்சரை மட்டும் ஏற்றிக்கொண்டு போனது. வாய்க்காலில் இருந்து திரும்பிவந்த சுடலைமுத்து மகளின் கோலத்தைக் கண்டு, கையெடுத்துச் சூலத்தைக் கும்பிட்டார். அழகம்மா மடியிலிருந்து எப்போதோ எறிந்துவிட்ட அந்த இரண்டாவது பொட்டலத்தை நினைத்துக் குசினிக்குள் போய் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். தான் செய்த வஞ்சகத்துக்குத்தான் அம்மன் இப்படித் தண்டித்தாள் என்று இன்று வரைக்கும் அவள் நம்புகிறாள். மகளிடம் அதை ஒருமுறை சொல்லி மன்னிப்புக் கேட்டாள். மகள் தாயின் கண்ணீரைத் துடைத்துவிட்டாளே தவிர, அன்று காலை நடந்ததை ஒருபோதும் சொல்லவில்லை.

அடுத்தடுத்த நாட்களில் ஓட்டோ வரவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. தனுஷா அந்த வருடம் சித்தியடைந்தாள், கணக்கிலும்தான்.

சிவனேஸ்வரி ரீச்சர் இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். வெள்ளிக்கிழமைகளில் முதல் ஆளாக வந்து, பாலை மரத்தடியில் செருப்பைக் கழற்றிவிட்டுப் பந்தலில் முன்னால் இருப்பார். கேள்விகள் கிழமைக்குக் கிழமை வளர்கின்றன. சாப்பிடுகிறானா, மெலிந்துபோனானா, குளிர் தேசமா, அம்மாவை நினைக்கிறானா? சுரேகா எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறாள். பிரதீபனுக்கு அவள் கொடுத்த சாப்பாடும் சட்டையும் கூட்டாளிகளும் இப்போது நிறைய.

போன வெள்ளிக்கிழமை ரீச்சர் புதிதாக ஒன்று கேட்டார். கேட்கவே கூச்சப்பட்டார்.

"தாயே... அவன் படிக்கிறானோ? சோதினை எழுதாமல் போன பிள்ளை."

சுரேகா கண்ணை மூடினாள். வரிசை வரிசையாக மேசைகள் தெரிந்தன. காலை வெயில் விழுகிற யன்னல் தெரிந்தது. கவிழ்த்து வைத்த வினாத்தாள் தெரிந்தது. ஒரு மேசை மட்டும் காலியாக இருந்தது. அதில் அவனைக் கொண்டுபோய் இருத்தினாள்.

"எழுதிட்டான்," என்றாள். கண்ணைத் திறக்கவில்லை. மூடிய இமைகளுக்குக் கீழால் கண்ணீர் வழிந்தது. அதை அம்மனின் கருணை என்று பின்னால் இருந்தவர்கள் கும்பிட்டார்கள். "நல்லா எழுதினான். ஒன்பதுலயும் ஏ."

ரீச்சரின் முகம் மலர்ந்தது.

"கணக்கிலயுமோ தாயே?"

"கணக்குலயுந்தான்."